முன்னால் நிற்கும் சுழியம்

பினாங்கில் 2004ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி பிறந்த ஒருவரின் அடையாள அட்டை எண் 040512 என்று தொடங்கும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம்: ஜொகூருக்கு 01, கெடாவுக்கு 02, பினாங்குக்கு 07. மிச்சமுள்ள நான்கில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். மொத்தம் 12 இலக்கங்கள். பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, வாகன உரிமம் என்று மலேசியர் போகும் இடமெல்லாம் இந்த எண்ணும் கூடவே போகும்.

இதை ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வைக்க வேண்டும். எண்ணாக வைப்பதா, எழுத்தாக வைப்பதா? பார்த்தால் எண்தான். ஆனால் எண் என்று அறிவித்த மறுகணமே கணினி முன்னால் நிற்கும் சுழியத்தைத் தூக்கி எறிந்துவிடும். கணக்குப்படி 04 என்பதும் 4 என்பதும் ஒன்றுதானே! 2004இல் பிறந்தவர் ஒரு சுழியத்தை இழப்பார். 2000ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி பிறந்தவரின் எண் 000105 என்று தொடங்குவதால் அவர் மூன்று சுழியங்களை இழப்பார்.

அட்டவணையை வடிவமைத்தவர் இதை எண்ணாகவே வைத்துவிட்டார் என்று கொள்வோம். பிறகு யாரோ ஒரு நிரலாளர் குறையைக் கண்டுபிடித்து, 'திரையில் காட்டும்போது 12 இலக்கம் வரும்வரை முன்னால் சுழியம் சேர்' என்று இணையப் பக்கத்தின் நிரலில் ஒரு வரி எழுதிவிடுகிறார். சிக்கல் தீர்ந்தது போலத் தெரியும். பத்தாண்டு கழித்து அந்தத் தரவுத்தளத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றுகிறார்கள். அட்டவணை புதிய இடத்துக்குப் போகிறது. பழைய நிரல் கைவிடப்படுகிறது. சுழியத்தைக் காத்துவந்த அந்த ஒரு வரியும் அதோடு போய்விடுகிறது.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான். தரவுகளை இடம் மாற்றுவது கடினமே இல்லை. கோடி வரிசைகளைக்கூட ஓர் இரவில் படியெடுத்துவிடலாம். அந்தத் தரவு என்ன பொருளில் எழுதப்பட்டது என்ற விதிகள்தான் எளிதில் இடம் மாறுவதில்லை. அவற்றில் பாதி நிரலிலும், கால் பங்கு பழைய மென்பொருளின் இயல்பிலும், மிச்சம் அலுவலக எழுத்தரின் நினைவிலும் இருக்கும்.

பக்கத்துக்குப் பின்னால்

ஜார்ஜ்டவுன் லெபோ பந்தாயில் காரை நிறுத்துகிறவர் இன்று சில்லறை தேடுவதில்லை. 2019 முதல் புழக்கத்தில் இருக்கும் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியைத் திறந்து, வண்டி எண்ணைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைக் குறிப்பிட்டுப் பணம் கட்டிவிடுகிறார். இது போன்ற செயலிகளும் இணையப் பக்கங்களும் உள்ளுக்குள் ஏறத்தாழ ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன.

கைப்பேசி நேரடியாகத் தரவுத்தளத்தோடு பேசுவதில்லை, பேசவும் கூடாது. அது இணையத்தின் வழியே ஒரு சர்வருக்குக் கோரிக்கை அனுப்புகிறது. அங்கே காத்திருக்கும் நிரல், கேட்பவர் யார், கேட்க உரிமை உள்ளவரா என்று பார்த்துவிட்டு, தரவுத்தளத்துக்குத் தன் சார்பில் ஒரு வினவலை அனுப்புகிறது. தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் வகை என்றால் வழக்கமாக 3306ஆம் எண் வாசல். போஸ்ட்கிரெஸ் என்றால் 5432. பதில் வந்ததும் நிரல் அதைப் பக்கமாக வடித்துக் கைப்பேசிக்குத் திருப்பி அனுப்புகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இந்த ஏற்பாடு இணையம் பிறந்தபோது கிடையாது. முதல் இணையப் பக்கங்கள் எழுதி வைத்தது எழுதி வைத்தபடி இருந்தன. 1993இல் சிஜிஐ என்ற முறை வந்தபின்தான் கோரிக்கைக்கு ஏற்ப நிரலை ஓட்டி, பக்கத்தை அந்த நேரத்தில் உருவாக்கித் தர முடிந்தது. 1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் பி.எச்.பி. நிரல்மொழியை வெளியிட்டார். அதே ஆண்டில் சுவீடனில் மைக்கேல் வைடீனியஸும் கூட்டாளிகளும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை உருவாக்கினார்கள். இரண்டும் இலவசமாகக் கிடைத்ததால், சிறு கடைக்காரரும் சங்கமும் பள்ளியும்கூடத் தரவுத்தளம் இணைந்த பக்கத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

இணைப்பு என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அதற்கும் ஒரு விலை உண்டு. போஸ்ட்கிரெஸ் தன்னிடம் வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஓர் இயக்கத்தைத் தொடங்கி, நினைவகத்தில் இடம் ஒதுக்கும். எதையும் மாற்றாமல் நிறுவினால் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளை ஏற்கும். தைப்பூசக் காலையில் ஆயிரம் பேர் ஒரே பக்கத்தைத் திறந்தால் என்ன ஆகும்? அதற்காகத்தான் நிரலாளர்கள் சில இணைப்புகளை முன்கூட்டியே திறந்து வைத்து, வருகிற கோரிக்கைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். ஒரு வினவல் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுவதால், இருபது இணைப்புகள் ஆயிரம் பேருக்குப் போதும்.

பற்றும் வரவும்

நிறுத்துமிடச் செயலியில் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். கணக்கிலிருந்து பணம் கழிய வேண்டும். வண்டிக்கு நேரம் பதிவாக வேண்டும். முதலாவது முடிந்து இரண்டாவது நடப்பதற்குள் மின்சாரம் போய்விட்டால், பணம் கட்டியவருக்கே அபராதம் வரும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்காததுபோல் இருக்க வேண்டும். தரவுத்தள உலகில் இதற்குப் பரிவர்த்தனை என்று பெயர். இந்தக் கருத்துக்கு உறுதியான அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜிம் கிரே 1998ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார்.

பினாங்குத் தெருவின் வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் கணக்கு எழுதிய நகரத்தார் அடுத்தாள்களுக்கு, அதாவது உதவியாளர்களுக்கு, இந்த ஒழுங்கு புதிதாக இருந்திருக்காது. ஒருவர் பெயரில் பற்று எழுதினால் இன்னொரு பக்கத்தில் வரவு எழுதியாக வேண்டும். பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டு எழுந்து போக முடியாது. தரவுத்தளமும் அதே கண்டிப்போடு நடந்துகொள்கிறது. ஒரு பரிவர்த்தனையின் எல்லா வரிகளும் எழுதி முடிந்தபிறகே அதை 'நடந்தது' என்று ஏற்கும். நடுவில் அறுந்தால், எழுதியதை எல்லாம் தானே அழித்துப் பழைய நிலைக்குத் திரும்பும்.

தரவை அட்டவணைகளாக அடுக்கும் முறைக்கு மூலவர், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். 1970இல் அவர் எழுதிய கட்டுரை, தரவு வட்டில் எங்கே கிடக்கிறது என்பதை நிரலாளர் அறியத் தேவையில்லை, என்ன வேண்டும் என்று கேட்டால் போதும் என்று வாதிட்டது. அந்தக் கேள்விகளை எழுத டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் ஒரு மொழியை முன்வைத்தார்கள். எஸ்கியூஎல் அதிலிருந்துதான் வந்தது. ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் எல்லாம் இன்று அதையே பேசுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் ஊர் வழக்கில் பேசுகிறது. இடம் மாற்றுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வழக்கு வேறுபாட்டில்தான்.

பெயருக்குள் ஒரு சாய்கோடு

மலேசியத் தமிழரின் அதிகாரப்பூர்வப் பெயரில் தந்தை பெயருக்கு முன்னால் ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி என்று வரும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் இது: மகன், மகள். நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடு, கணினிக்கு ஒரு தீராத தலைவலி. இணைய முகவரியில் சாய்கோடு ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் பிரிக்கும் குறி. கோப்புப் பெயரில் அது அனுமதிக்கப்படுவதே இல்லை. விமானப் பயணப் பதிவுகளில் குடும்பப் பெயரையும் இடுபெயரையும் பிரிப்பது அதுதான். வெளிநாட்டில் எழுதப்பட்ட படிவம் ஒன்று 'எழுத்துகள் மட்டுமே' என்று விதி வைத்திருந்தால், நம் பெயரை அது பெயராகவே ஒப்புக்கொள்ளாது. குடும்பப் பெயர் எது என்று கேட்டுக் கட்டாயப்படுத்தும் படிவத்துக்கு என்ன பதில் எழுதுவது என்றும் பலர் திணறியிருக்கிறார்கள்.

அதனால் ஒரே மனிதர் ஒரு பதிவேட்டில் சாய்கோட்டோடும், இன்னொன்றில் சாய்கோடு இல்லாமலும், வேறொன்றில் பழைய ஆங்கில முறைச் சுருக்கத்தோடும் இருப்பார். அந்தச் சுருக்கத்தைச் சிலர் ரோமன் பெரிய எழுத்தில் எழுதுவார்கள், சிலர் சிறிய எழுத்தில். மைஎஸ்கியூஎல் இயல்பாகவே பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கருதித் தேடும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வெவ்வேறு என்று கருதும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறிய மறுநாள், நேற்றுவரை கிடைத்த பெயர் தேடலில் அகப்படாது. தரவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. எப்படித் தேடுவது என்ற விதி மட்டும் மாறியிருக்கும்.

மலாய்ப் பெயர்களில் வேறொரு குறி உண்டு. சாஅத், மஸ்ஊத் போன்ற அரபு வழிப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி இடுவார்கள். எஸ்கியூஎல் மொழியில் ஒரு சொல் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் காட்டுவது அதே குறிதான். பயனர் தட்டிய பெயரை அப்படியே வினவலுக்குள் ஒட்டும் நிரல், அந்தக் குறியைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டது என்று எண்ணி, மிச்சப் பெயரைக் கட்டளையாகப் படிக்க முயலும். வினவல் உடைந்துவிடும்.

ஒரு நல்ல பெயரே வினவலை உடைக்கும் என்றால், கெட்ட எண்ணம் உள்ளவர் என்னதான் செய்ய முடியாது? பெயர்க் கட்டத்தில் மேற்கோள் குறியிட்டுச் சொல்லை முடித்து, 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும். ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம் என்பதால் அட்டவணையின் எல்லா வரிசைகளும் வெளியே வந்துவிடும். எஸ்கியூஎல் ஊடுருவல் என்ற இந்தத் தாக்குதல் 1998இல் பொதுவெளியில் விளக்கப்பட்டது. இன்றும் நடக்கிறது. இதற்கு மருந்தும் அன்றிலிருந்தே தெரியும்: கட்டளையை முதலில் தனியாக அனுப்பி, பயனர் தந்த மதிப்பைப் பிறகு தனியாக அனுப்புவது. அப்போது எந்தக் குறி வந்தாலும் அது மதிப்பாகவே இருக்கும். கட்டளையாக மாற வழியே இல்லை.

இந்த மருந்தைப் பயன்படுத்தாமல் கைவைத்தியம் செய்தவர்களை இடமாற்றம் காட்டிக்கொடுக்கும். மைஎஸ்கியூஎல்லில் மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் அந்தக் குறி சாதாரண எழுத்தாகிவிடும். பலர் இப்படித்தான் தங்கள் நிரல்களைக் காத்துவந்தார்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பு அமைப்பில் பின்சாய்கோட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதுவும் ஓர் எழுத்து, அவ்வளவுதான். எனவே பழைய வீட்டில் பூட்டாக இருந்தது புதிய வீட்டில் பூட்டே இல்லை என்றாகிவிடும். பக்கமோ முன்போலவே இயங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ் எடுத்துக்கொள்ளும் இடம்

பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் பெயரை ஒரு பதிவேட்டில் தமிழில் எழுதுவோம்: அருள்மிகு பாலதண்டாயுதபாணி. நம் கண்ணுக்கு 14 எழுத்துகள். யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், இடைவெளியையும் சேர்த்து 25 குறியீடுகள். யூடிஎஃப்-8 வடிவில் இங்குள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளை எடுக்கும், இடைவெளிக்கு 1. ஆக 73 பைட்டுகள்.

'பெயருக்கு 50' என்று அட்டவணையில் எழுதியிருந்தால் இந்தப் பெயர் அதற்குள் அடங்குமா? போஸ்ட்கிரெஸ்ஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் அந்த 50 குறியீடுகளைக் குறிக்கும், அடங்கும். ஆரக்கிளில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அது 50 பைட்டுகளைக் குறிக்கும். அடங்காது, பதிவு மறுக்கப்படும். ரோமன் எழுத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் அந்த மொழிக்காரர்களுக்கு இந்த வேறுபாடு தென்படவே தென்படாது. தமிழில்தான் வெடிக்கும்.

இன்னும் ஆழமான சேதம் ஒன்று உண்டு. 'அ' என்ற எழுத்தை யூடிஎஃப்-8 மூன்று பைட்டுகளாக எழுதும்: 224, 174, 133. மைஎஸ்கியூஎல் நீண்ட காலம் தன் அட்டவணைகளுக்கு லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையை இயல்பாக வைத்திருந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் அது மாறியது. அந்தப் பழைய அட்டவணைகளில் தமிழ்ப் பக்கங்கள் ஓடின. நிரல் மூன்று பைட்டுகளைக் கொடுக்கும். அட்டவணை அவற்றை மூன்று ஐரோப்பிய எழுத்துகள் என்று நம்பி வைத்துக்கொள்ளும். திரும்பக் கேட்டால் அதே மூன்று பைட்டுகளைத் தரும். உலாவி அதை 'அ' என்று காட்டும். உள்ளே தவறு, வெளியே சரி.

இடம் மாற்றும் கருவி நேர்மையானது. அட்டவணையின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை அப்படியே நம்பும். லத்தீன்-1 என்று இருக்கிறதா, சரி, யூடிஎஃப்-8க்கு மாற்றுகிறேன் என்று வேலையைத் தொடங்கும். 224 அந்த எழுத்துமுறையில் தலையில் சாய்கோடு போட்ட ரோமன் எழுத்து. அது 2 பைட்டுகளாகும். 174 பதிவுபெற்ற வணிகச் சின்னத்தின் குறி, அதற்கும் 2. 133 மூன்று புள்ளிகள், அதற்கு 3. 'அ'வின் மூன்று பைட்டுகள் ஏழாகிவிட்டன, எழுத்து சிதைந்துவிட்டது. பழைய தமிழ்ப் பக்கங்கள் சிலவற்றில் அந்த வணிகச் சின்னக் குறி வரிக்கு வரி நிற்பதைப் பார்த்தவர்கள் பார்த்தது இதைத்தான்: யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகளுக்கான குறியீடுகளின் முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பழுது பார்க்கவும் முடியும். தரவை முதலில் 'இது எழுத்தல்ல, வெறும் பைட்டு' என்று அறிவித்து, பிறகு யூடிஎஃப்-8 என்று பெயர் மாற்ற வேண்டும். எழுத்துமுறையின் பெயர் மட்டும் மாறும், பைட்டுகள் அசையாது.

யூனிகோடுக்கு முந்திய காலத்தில் கதை இன்னும் சிக்கல். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், மின்னஞ்சல் குழுவில் கூடிப் பலர் வகுத்த திஸ்கி முறையும், தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தாம், தாப் முறைகளும் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தன. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. ஆகவே ஒரு குறியீட்டுக்கு இன்னொரு குறியீட்டை வைத்து நிரப்பினால் போதாது; எழுத்தின் வரிசையையே திருப்ப வேண்டும். மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுவந்தது இப்படியொரு பெரும் இடமாற்றம்தான்.

கிட்டங்கிப் பேரேடுகளை நாளை யாராவது தரவுத்தளத்தில் ஏற்ற நினைத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பற்று, வரவுக் குறிகள் யூனிகோடின் முதன்மைத் தமிழ்ப் பகுதியிலேயே இருக்கின்றன, 3 பைட்டுகள். முந்திரி முதலான பின்னக் குறிகள் 2019இல் சேர்க்கப்பட்ட துணைப் பகுதியில் இருக்கின்றன, 4 பைட்டுகள். மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்-8 வகை 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. 4 பைட்டு வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வரவு எழுதலாம், பின்னம் எழுத முடியாது.

வரிசையும் ஒரு விதிதான். நம் அகராதி முறையில் மெய் முதலில், உயிர்மெய் பிறகு. அதனால் கண்ணன் முன்னால், கணேசன் பின்னால். யூனிகோடு எண் வரிசையில் புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் கணேசன் முதலில் வந்துவிடுவார். தரவுத்தளம் எந்த வரிசை விதியைப் பின்பற்றுகிறது என்பது, விரைவாகத் தேட அது வைத்திருக்கும் சுட்டெண்களுக்குள்ளும் பதிந்திருக்கும். 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகம் ஒன்றின் 2.28 பதிப்பு வரிசை விதிகளை மாற்றியது. தரவுத்தளத்தைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தவர்களுக்கும் போஸ்ட்கிரெஸ் சுட்டெண்கள் பழுதாகும் நிலை வந்தது. பழைய வரிசையில் அடுக்கியதைப் புதிய வரிசையில் தேடினால் கிடைக்காதல்லவா?

எப்படி மாற்றுவது

பலர் முதலில் நாடுவது விரிதாளை. பழைய அமைப்பிலிருந்து கொட்டி, எக்செல்லில் திறந்து, சேமித்துப் புதியதில் ஏற்றுவார்கள். அடையாள அட்டை எண்ணுக்கு இதைவிட ஆபத்தான பாதை இல்லை. 980512 என்று தொடங்கும் 12 இலக்க எண்ணை எக்செல் 9.80512 பெருக்கல் 10இன் 11ஆம் அடுக்கு என்று சுருக்கிக் காட்டும். அதை எளிய உரைக் கோப்பாகச் சேமித்தால் காட்டியதையே எழுதிவிடும். மிஞ்சுவது பிறந்த தேதி மட்டும். 1998 மே 12ஆம் தேதி பினாங்கில் பிறந்த அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

சரியான வழி, கருவிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஒவ்வொரு பத்தியையும் எடுத்துக்கொண்டு கேட்க வேண்டும். இது எண்ணா, எண்போல் தோன்றும் அடையாளமா? 04 என்று தொடங்கும் பினாங்குத் தொலைபேசி எண்ணும், 05000 என்ற அலோர் ஸ்டார் அஞ்சல் குறியீடும் இரண்டாவது வகை. கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் எழுத்தாகவே வைக்க வேண்டும். இங்கே வெற்று என்றால் என்ன பொருள்? ஆரக்கிள் வெற்றுச் சொல்லையும் 'தெரியவில்லை' என்பதையும் ஒன்றாகவே கருதும்; மற்றவை வேறாகக் கருதும். தெரியாத பிறந்த தேதியை எப்படி எழுதியிருக்கிறார்கள்? பழைய மைஎஸ்கியூஎல் எல்லாம் சுழியமான தேதியை ஏற்றது. போஸ்ட்கிரெஸ் அப்படி ஒரு நாள் இல்லை என்று மறுத்துவிடும். அடுத்த உறுப்பினர் எண்ணை யார் தருகிறார்கள்? பழைய எண்களோடு வரிசைகளை ஏற்றிய பிறகு, போஸ்ட்கிரெஸ்ஸின் எண் தரும் பொறியை முன்னகர்த்தாவிட்டால் அது மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி, முதல் புதிய உறுப்பினரிலேயே மோதி நிற்கும்.

அடுத்தது, ஒரே நாளில் தாவாமல் இருப்பது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய உரிமையாளரான லாயிட்ஸ் வங்கியின் அமைப்பிலிருந்து புதிய உரிமையாளரான சபாடெல் குழுமத்தின் அமைப்புக்கு மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்தது, சேவைதான் உடைந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

இதற்கு நேர்மாறான பாதையில் போனது விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஆங்கில விக்கிப்பீடியாவும் ஒரே வகை அமைப்பில்தான் இயங்குகின்றன. 2013இல் அதை நடத்துவோர் மைஎஸ்கியூஎல்லிலிருந்து மரியாடிபிக்கு நகர்ந்தபோது, முதலில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களுக்குப் பக்கத்தில் புதிய அமைப்பை ஒரு படியாக மட்டும் நிறுத்தினார்கள். மூலத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் படிக்கும் வந்தது. உண்மையான வாசகர்களின் வினவல்களை அதற்கும் அனுப்பி, விடையையும் வேகத்தையும் பார்த்தார்கள். நம்பிக்கை வந்த பிறகே படியை மூலமாக்கினார்கள். வாசகர்கள் எதையும் உணரவில்லை. மரியாடிபி மைஎஸ்கியூஎல்லின் கிளை என்பதால் அவர்கள் வேலை எளிதாக இருந்தது உண்மை. ஆனால் முறை எல்லாருக்கும் பொருந்தும்.

சரிபார்ப்பதும் எண்ணிக்கையோடு முடியக் கூடாது. பழையதிலும் புதியதிலும் வரிசைகள் சமம் என்பது முதல் படிதான். அடையாள அட்டை எண்ணில் 12க்குக் குறைவான நீளம் உள்ளவை எத்தனை? சுழியத்தில் தொடங்குபவை இரண்டிலும் ஒரே எண்ணிக்கையா? பெயரில் அந்த வணிகச் சின்னக் குறி எங்காவது இருக்கிறதா? பற்றின் மொத்தமும் வரவின் மொத்தமும் இரு இடத்திலும் ஒத்துப்போகின்றனவா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை பழைய அமைப்பை அணைக்கக் கூடாது. திரும்பிப் போகும் வழி திறந்தே இருக்க வேண்டும். சோதனைக்கு எடுக்கும் படியில் உண்மையான அடையாள அட்டை எண்களை மறைத்தே வைக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சட்டப்புத்தகத்தில் மட்டும் இருந்தால் போதாது. சோதனைச் சர்வரிலும் இருக்க வேண்டும்.

ஒரு பக்கம்

இவ்வளவும் பெரிய வங்கிகளுக்கும் கலைக்களஞ்சியங்களுக்கும் உரிய கவலை என்று எண்ணுவது பிழை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் இருக்கின்றன. சேர்க்கைப் பதிவும் நன்கொடைக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் இல்லாத அமைப்பு எது? ஐந்தாண்டுக்கொருமுறையோ பத்தாண்டுக்கொருமுறையோ அவை ஏதோ ஒரு புதிய அமைப்புக்கு மாறத்தான் போகின்றன. மாற்றித் தருபவர் புதியவராக இருப்பார். பழைய எழுத்தர் ஓய்வு பெற்றிருப்பார்.

அவருக்காக ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும். எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது, எது எழுத்து, எது எண், வெற்று இருந்தால் என்ன பொருள், தமிழ் எந்த எழுத்துமுறையில் இருக்கிறது, பெயர்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டும். முடிந்தவற்றை அட்டவணையின் விதியாகவே போட்டுவிடலாம்: 'இந்தப் பத்தியில் 12 இலக்கங்கள் மட்டுமே' என்று அறிவித்துவிட்டால், எந்த நிரல் வந்தாலும் போனாலும் தரவுத்தளமே சுழியத்தைக் காத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தை எழுத, பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற, அதை அறிந்தவர் இன்னும் அருகில் இருக்கிற நாளே சரியான நாள்.